ஊசி போடும் முன் உண்மையைச் சொல்லுங்கள்

ஸ்கேனுக்கு ஆளைக் கூட்டிப் போவதும் ஓர் உத்தியோகம்தான்; படுத்து எழுகிறவரைவிடக் கூடப் போகிறவளுக்குத்தான் வாய் வலிக்கும். மாமனார், நாத்தனார் என்று பலரைக் கூட்டிப் போய் அனுபவப்பட்டவள் நான். இந்தமுறை கணவர். கும்மிடிப்பூண்டியில் இரும்பாலை வேலை. ஒரு மாதமாக வயிற்றுவலி. கட்டியாக இருக்குமோ என்று சந்தேகப்பட்ட டாக்டர், ஊசியில் மருந்து ஏற்றி எடுக்கிற சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். பொன்னேரியிலிருந்து திருவள்ளூருக்குக் கிளம்பினோம்.

வெறும் வயிறு

காலையில் எதுவும் சாப்பிடக் கூடாது என்று முந்தின நாளே போனில் சொல்லியிருந்தார்கள். நான் குளிக்கப் போன நேரத்தில் இவர் ஹாட்பாக்ஸைத் திறந்திருக்கிறார். சென்டரில் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மதியம்வரை காத்திருங்கள் என்றார்கள். தண்ணீர் குடிக்கலாமா, சர்க்கரை மாத்திரை போடலாமா என்பதைக்கூட அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு நீதிபதியிடம் கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் இவர் தந்த தீர்ப்பு இது: "நாஷ்டான்னா பூரி வடகறி. ரெண்டு இட்லி மாத்திரைக்காகப் போட்டுக்கினது."

இடுப்பில் வெள்ளி

வாட்ச், மோதிரம் எல்லாம் கழன்றன. வெள்ளி அரைஞாண் மட்டும் கழலவில்லை. வயிற்றைப் படம் எடுக்கும்போது அங்கே உலோகம் இருந்தால் படம் கோடு கோடாக விழும் என்று டெக்னீஷியன் பெண் பொறுமையாகச் சொன்னாள். இவரோ, உயிரோடு இருக்கிற ஆம்பளை இடுப்பு வெறுமையாக இருக்கக் கூடாது என்று நின்றுவிட்டார்.

வாதம் செய்ய எனக்கு நேரமில்லை. ரோட்டைத் தாண்டி ஓடி, கறுப்புக் கயிறு வாங்கி வந்தேன். முதலில் அதைக் கட்டி, பிறகு வெள்ளியைக் கழற்றினோம். வியர்த்து நின்ற என்னைப் பார்த்து அந்தப் பெண் சொன்னாள்: "எங்க டிராயர்லயே கயிறு வெச்சிருக்கோம் மேடம். தெனம் நாலு பேர் இப்படித்தான் நிக்கிறாங்க."

ஒன்றுமில்லை

"முன்ன எப்பவாவது மருந்து ஒத்துக்காம போயிருக்கா சார்? ஆஸ்துமா, கிட்னி பிரச்சினை?" என்று கேட்டாள் நர்ஸ். "ஒண்ணுமில்லம்மா" என்றார் இவர், ஒரு விநாடிகூட யோசிக்காமல்.

வாசலில் நின்ற எனக்கு அது காதில் விழுந்தது. சில வருஷம் முன்பு இதயத்தைப் படம் எடுக்க இதே மாதிரி மருந்து ஏற்றியபோது முகம் வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சுக்குத் திணறியவர் இவர். சொன்னால் தள்ளிவைப்பார்கள், இன்னொரு நாள் லீவு போகும் என்ற கணக்கு. நேராக உள்ளே போய்ச் சொன்னேன். டாக்டர் வந்து ஊசியை நிறுத்தினார். மறுபடி அப்படி ஆகாமல் இருக்க முன்கூட்டியே போட மாத்திரை எழுதி, மறுநாள் வரச் சொன்னார். இவர் என்னை முறைத்தார். டாக்டர் அவரைப் பார்த்துச் சொன்னார்: "இவங்க கூட வரலைன்னா, உங்க 'ஒண்ணுமில்ல'யை நம்பித்தான் சார் நான் ஊசி போட்டிருப்பேன்."

மறுநாள்

மருந்து ஏறும்போது உடம்பு சூடாகும், சிறுநீர் போய்விட்ட மாதிரிகூட இருக்கும், பயப்படாதீர்கள். அரிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே குரல் கொடுங்கள். இவருக்கு எதுவும் வரவில்லை. கணையத்தில் வீக்கம்தான், கட்டி இல்லை என்றார்கள். எனக்கு அப்போதுதான் கால் தரையில் பட்டது. வெளியே வந்தவர் சொன்னது: "மூச்சைப் புடி, ஆடாதேன்னு மெஷினு அதட்டிக்கினே இருந்திச்சு. உள்ளயும் நீதான் இருக்கியோன்னு பாத்தேன்."

வயிற்றுக்குள் இருப்பதை மெஷின் காட்டிவிடும். முன்பு ஒத்துக்கொள்ளாததை மனுஷன்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அவர் வாய் திறக்காவிட்டால் முறைப்பை வாங்கிக்கொண்டு நாம் சொல்ல வேண்டும்.