இரட்டைக் கோட்டுக்கு மேலே

மடிப்பு அக்கா எதையும் இரண்டு முறை செய்வார். அலமாரியைப் பூட்டினால் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு நாலடி போவார், திரும்பி வந்து மறுபடி தொட்டுப் பார்ப்பார். நோட்டில் கோடு போட்டாலும் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு. கேட்டால், "ஒண்ணு என் திருப்திக்கு, ஒண்ணு என் சந்தேகத்துக்கு" என்பார். பதினோரு வருடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தோம். அவருக்குக் காலை ஷிப்ட், எனக்கு மதியம். இருவருக்கும் ஒரே மேசை, ஒரே இரும்பு அலமாரி. ஷிப்ட் மாறும்போது பத்து நிமிடம் சேர்ந்திருப்போம். பெரிய விரிப்புகளை இரண்டு பேர் முனை பிடித்துத்தான் மடிக்க முடியும் என்பதால், அவற்றை அந்தப் பத்து நிமிடத்துக்கென்று எடுத்து வைத்திருப்பார். அவர் மடித்த விரிப்பின் நாலு மூலையும் கத்தியால் வெட்டியது போல நிற்கும். அந்தப் பெயர் வந்தது அதனால்தான்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் யாராவது என்னைப் பார்த்து ஒன்று கேட்டால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கண் மட்டும் சும்மா இருக்காது. யார் செருப்பு மாற்றியிருக்கிறார்கள், யார் அழுதுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது டிவியில் ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. மலைமேல் ஒரு விடுதி நடத்தும் அக்கா தங்கையின் கதை. விரிப்பு மடிக்கும் நேரமெல்லாம் எங்களுக்கு அந்தப் பேச்சுதான். அவர் பேசுவார், நான் தலையாட்டுவேன். ஒரு வெள்ளிக்கிழமை, கையில் கடிதத்தோடு பெரியவள் மாடிப்படி ஏறப் போனாள். திங்கட்கிழமை அந்த நேரத்தில் ஒரு சமையல் போட்டி வந்தது. தொடரைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டார்கள்.

"படியில நின்னவளை அப்படியே விட்டுட்டுப் போயிட்டானுங்கடி. அவளுக்குக் கால் வலிக்காது?" என்று மறுநாள் கொதித்தார் மடிப்பு அக்கா.

வாய் தவறி, "நாம ஏத்தி விடலாமேக்கா" என்றேன். அவர் விரிப்பைக் கீழே விட்டுவிட்டார்.

அடுத்த நாள் அலமாரியில் ஒரு தடித்த நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில் சட்டங்கள். பெரியவள் அவருடைய ஆள், சின்னவள் என் ஆள். அவரவர் ஆளை அவரவர்தான் எழுத வேண்டும், அடுத்தவர் ஆளின் வாயில் வார்த்தை வைக்கக் கூடாது. கேட்காமல் யாரையும் சாகடிக்கக் கூடாது. யாருக்கும் ஞாபகம் மறந்துபோகக் கூடாது, இரட்டைப் பிறவி வரவே கூடாது. எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. எழுதியதைக் கிழிக்கக் கூடாது. கடைசியாக: கதை இரட்டைக் கோட்டுக்கு மேலே, நம்ம சொந்தக் கதை கோட்டுக்குக் கீழே, ரெண்டையும் போட்டுக் குழப்பாதே.

எழுத்துப் பிழைச் சட்டம் எனக்காகப் போட்டது என்று எனக்குத் தெரியும். அவர் கையெழுத்தில் பிழையே இருக்காது.

முதல் வாரமே நான் சட்டத்தை மீறினேன். சின்னவள் ஏதோ கேட்க, பெரியவள் "சரி" என்று சொன்னதாக நானே எழுதிவிட்டேன். மறுநாள் கோட்டுக்குக் கீழே பதில் இருந்தது: "என் பொம்பளையை நீ ஏன் பேச வைக்கிற? அவளுக்கு வாய் இல்லையா? அவ 'சரி'ன்னு சொல்லவே மாட்டா. நாலு நாள் முறைச்சுக்கிட்டுத் திரிவா. பார்." நாலு நாளும் பெரியவள் முறைத்துக்கொண்டுதான் திரிந்தாள்.

காலையில் அவர் ஒரு பக்கம் எழுதி வைப்பார். மதியம் டீ நேரத்தில் நான் எழுதுவேன். நோட்டுகள் சேர்ந்தன, நாலு வருடம் ஓடியது. என் சின்னவள் பெரிய வாயாடி. பாக்கி வைத்துவிட்டு நழுவும் விருந்தாளியின் பெட்டியைப் பிடுங்கி வைப்பாள், அமைச்சர் வந்தாலும் செருப்பைக் கழற்றச் சொல்வாள். சலவைக்கூடத்தையே சிரிக்க வைக்கும் மடிப்பு அக்காவோ, பெரியவளுக்குப் பேச ஒரு நாளைக்கு ரெண்டு வாக்கியத்துக்கு மேல் கொடுக்க மாட்டார். கோட்டுக்குக் கீழே மட்டும் தவறாமல் ஏதாவது இருக்கும். "சோப்புத் தூள் சரியில்லை, கையைப் பார்த்துக்கோ." "என் வீட்டுக்காரர் பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்து டீக்கடைக்குள்ள விட்டுட்டார். டீ மட்டும் நல்லா இருந்துச்சாம்."

பிறகு ஒரு நாள் இப்படி எழுதியிருந்தார்:

"குளிக்கும்போது பெரியவளின் கைக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலது அக்குளுக்குக் கீழே, சட்டைப் பொத்தான் அளவு. வலியில்லை. வலியில்லாததுதான் பயமாக இருந்தது. தங்கையிடம் மட்டும் சொன்னாள். 'மாடியில ஏழாம் அறையில டாக்டரம்மா தங்கியிருக்காங்க. போய்க் காட்டவா, வேண்டாமா? நீ சொல்றபடி செய்றேன்.'"

அடியில் இரட்டைக் கோடு. கோட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கதை எங்கேயோ போகப் போகிறது என்று தோன்றியது. சின்னவள் முதலில் தடுக்க வேண்டும், பிறகு உண்மை தெரிந்து தலையில் அடித்துக்கொண்டு அழ வேண்டும். இருபது பக்கத்துக்கு மனசுக்குள் போட்டுவிட்டேன். எழுதினேன்:

"'இப்ப வேண்டாம்க்கா. சீசன் நேரம், விடுதி நிரம்பி வழியுது. நீ படுத்துட்டா நான் ஒருத்தி என்ன செய்வேன்? சீசன் முடியட்டும்' என்றாள் சின்னவள்."

கோட்டுக்குக் கீழே, "பிரமாதம் அக்கா! இன்னும் கொஞ்சம் அழ வைங்க" என்று எழுதினேன்.

மறுநாள் பெரியவள், "சரி தங்கச்சி" என்றாள். அவள் 'சரி' என்று சொல்லவே மாட்டாள் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. கோட்டுக்குக் கீழே மறுபடி வெறுமை.

நாலு மாதம் விடுதிக்கு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். கட்டியைப் பற்றிப் பெரியவள் பேசவில்லை. அவள் வாயை நான் திறக்க முடியாது, அது சட்டம். அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். விரிப்பு மடிக்கும்போது மடிப்பு அக்காவின் வலது கை தோளுக்கு மேலே வருவதில்லை என்பதைப் பார்த்தேன்.

"கை என்னக்கா?"

"சுளுக்குடி. சலவைக்காரிக்குச் சுளுக்கு வராம மந்திரிக்கா வரும்?"

சிரித்தேன்.

ஒரு மதியம் அவர் மேசையில் இல்லை. வாசலில் அவர் கணவர், டிரைவர் சட்டையோடு, அலமாரிச் சாவியைப் பிடித்தபடி நின்றார்.

"மேல மூணாவது மாடியில சேர்த்திருக்கும்மா. ரொம்பப் பரவிடுச்சுங்கறாங்க. சாவியை உங்ககிட்ட குடுக்கச் சொன்னா. சீசன் முடிஞ்சிடுச்சுன்னு சொல்லச் சொன்னா. என்ன சீசன்னு எனக்குப் புரியல. உங்களுக்குத் தெரியுமாமே?"

தெரியும். அந்த நிமிடம்தான் தெரிந்தது.

மாடிக்குப் போனேன். நாங்கள் மடித்து அனுப்பும் விரிப்பு ஒன்றின் மேல் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார்.

"மூலை தொங்குது பாரு. உன் கைவரிசைதானே?"

என் நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த மூலையை இழுத்துச் செருகியபடி, "அது நீங்கன்னு எனக்குத் தெரியலக்கா" என்றேன்.

"எப்படித் தெரியும்? கோட்டுக்கு மேல எழுதினவ நான். சட்டம் போட்டவளும் நான்."

"ஏங்க்கா கீழ எழுதல?"

"கீழ எழுதினா அது எனக்கு வந்த மாதிரி ஆயிடும். மேல எழுதினா அவளுக்குத்தானே வந்திருக்குன்னு ஒரு நினைப்பு." விரிப்பின் ஓரத்தை விரலால் நீவினார். "யாராவது ஒருத்தி கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினா போயிடலாம்னு இருந்தேன். உன் சின்னவ வாயாடியாச்சே, தள்ளுவான்னு நினைச்சேன்."

நான் அழுதேன்.

"அழ வைங்கன்னு கேட்டியே. இப்ப ஏன் அழற?" அவர் கேலியாகத்தான் சொன்னார். என் கையைத் தேடிப் பிடித்தும்கொண்டார். அந்தச் சொல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

"அந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சுட்டு வேற எழுதட்டுமாக்கா?"

"கிழிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல. மேற்கொண்டு எழுது. அவளை மாடிக்கு அனுப்பு, பாவம்."

அன்று டீ நேரத்தில் எழுதினேன்: "'எழுந்திருக்கா. சீசன் கிடக்குது குப்பையில. நான் கையைப் பிடிச்சுக்கறேன், வா மாடிக்கு' என்றாள் சின்னவள்." நோட்டை மேலே கொண்டுபோய் அவர் தலையணைக்கு அடியில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து அவர் கணவர் கொண்டுவந்து கொடுத்தார். "பெரியவள் முதல் படியில் கால் வைத்தாள்" என்று எழுதியிருந்தது. எழுத்துகள் வரியை விட்டுச் சரிந்திருந்தன. அடியில் கோடு ஒன்றுதான் இருந்தது. இரண்டாவதை அவர் போடவில்லை. அதற்குப் பிறகு பதினேழு நாள் இருந்தார்.

காலை ஷிப்டுக்கு இப்போது வேறொரு பெண் வருகிறாள். நல்லவள்தான், விரிப்பை ஒழுங்காக மடிக்கிறாள். நோட்டுகளை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். கடைசி நோட்டில் அறுபத்து மூன்று பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. அடுத்து எழுத வேண்டியவர் மடிப்பு அக்கா. நான் என் ஆளை மட்டும்தான் எழுதலாம். பெரியவள் முதல் படியில் நிற்கிறாள், சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.