உங்கடை வீட்டிலை என்ன லைன்?

வீடு வீடாகப் போய் பைபர் லைன் விற்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை; படலையைத் திறக்க முதல் நாயைப் பார்க்க வேண்டும், திறந்த பிறகு வெட்கத்தைப் பார்க்கக் கூடாது.

முன்பின் தெரியாதவர் முற்றத்தில் நின்று எதையாவது விற்றுப் பிழைத்த அன்பர்களே, காப்புறுதியோ, தண்ணீர் வடிகட்டியோ, பிரஷர் குக்கரோ, நீங்கள் எதை விற்றிருந்தாலும் நாம் ஒரே வெயிலில் நின்றவர்கள். ஆகவே உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கம்பனிக்கு வீட்டு இன்டர்நெட் விற்கிறவன். கம்பனி தந்த நீல ரீசேட், ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு கட்டுப் படிவம், இவ்வளவும்தான் என் முதல். இப்போது ஓர் ஒழுங்கைக்குள் இரண்டு கம்பனிகளின் வயர் ஓடுகிறது. எதை எடுப்பது என்று சனத்துக்குக் குழப்பம். அந்தக் குழப்பத்தில்தான் என் சோறு வேகிறது.

வேகம் எவ்வளவு, டேட்டா எவ்வளவு என்பதெல்லாம் துண்டுப் பிரசுரத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறது. எங்கள் சனம் அதை மரியாதைக்கு ஒருமுறை புரட்டிப் பார்க்கும். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கும்: "உங்கடை வீட்டிலை என்ன லைன்?" விற்கிறவன் தன் வீட்டுக்கு எதை எடுத்தானோ அதை நம்பலாம் என்பது இங்குள்ள கணக்கு. நல்ல கணக்குத்தான். என் வீட்டில் இருந்தது மற்றக் கம்பனியின் லைன்.

உண்மை சொன்ன நாள்

கரவெட்டியில் ஒரு வெங்காயத் தோட்டக்காரர். கொழும்பில் உத்தியோகம் பார்க்கிற மகன் ஊருக்கு வந்தால் வீட்டில் இருந்தே வேலை செய்ய வேண்டுமாம், அதற்கு லைன் வேண்டும். இரண்டு கம்பனிகளின் பிரசுரங்களையும் மேசையில் விரித்து, பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெங்காயம் வைத்திருந்தார். ஒரு மணித்தியாலம் விளக்கினேன். தேத்தண்ணி வந்தது, பிறகு பலகாரமும் வந்தது. பேனையைத் திறந்து நீட்டினேன். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் தொழிலுக்குப் புதிது. மற்றக் கம்பனியின் லைன் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பேனையை மூடி என் கையில் திருப்பி வைத்துவிட்டு மிக அன்பாகச் சொன்னார்: "அப்ப அந்தக் கம்பனிப் பெடியன்ரை நம்பர் இருந்தாத் தந்திட்டுப் போங்கோ, தம்பி."

ஓர் ஆலோசனையும் ஒரு மறுப்பும்

எங்கள் மேலாளர் இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்கடை லைன்தான் எண்டு வாயாலை ஒரு ஓம் சொல்லுறதுக்கு வரி இல்லைத்தானே" என்றார். எனக்குப் பொய் சொல்ல மனமில்லை. லைனையே மாற்றிவிட்டால் பொய் சொல்லத் தேவையில்லை என்று யோசித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், மனைவி கலாவிடம் கதையைத் தொடங்கினேன். அந்த லைன் அவள் எடுத்தது. நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன்பே, அயலில் பத்து வீடு ஏறி விசாரித்து, மழை நாளில் எது நிற்கிறது எது நிற்கவில்லை என்று பார்த்து எடுத்தது.

ஊழியர் சலுகை பற்றிச் சொன்னேன். வேகம் பற்றிச் சொன்னேன். வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது முழுவதையும் அதே குரலில் ஒப்புவித்தேன். தேங்காய் திருவுவதை நிறுத்தாமல் கலா சொன்னாள்: "உந்தக் கதையை வாங்கிறவைக்குச் சொல்லுங்கோ. எனக்கு ஒழுங்கா வேலை செய்யிற லைன் காணும்."

சுவரில் தொங்கியது

வேறு வழியில்லாமல் ஓம் சொல்லப் பழகினேன். முதல் தடவை காது சூடேறியது. பத்தாவது தடவை ஏறவில்லை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள், பொய் புளிப்பதில்லை.

காங்கேசன்துறையில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்த ஒரு குடும்பம். எந்தக் கம்பனி என்று முடிவெடுப்பவர் ரொறன்ரோவில் இருக்கிற மூத்த அண்ணை. பின்னேரம் அவரை வீடியோவில் எடுத்து, போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார்கள். அவரும் அதையேதான் கேட்டார். ஓம் என்றேன். அப்படியென்றால் வீட்டில் இருக்கிற இன்டர்நெட் பெட்டியை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னார். எங்கள் கம்பனிக் கந்தோர்ச் சுவரில் இருந்த பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பூச்சாடியை வைத்து, படம் எடுத்து அனுப்பினேன். அடுத்த நாள் குரல்பதிவில் பதில் வந்தது. அன்றைக்கே நான் திருந்தியிருக்க வேண்டும். மனுசன் சிரிக்காமல்தான் சொல்லியிருந்தார்: "தம்பி, பூச்சாடிக்கு மேலை தீயணைக்கிற சிலிண்டர் தொங்குது. உங்கடை வீடு நல்ல பாதுகாப்பான வீடு."

குருநகரில் ஒரு சாட்சி

குருநகரில் அல்பேட் அண்ணை என்று ஒரு கடற்றொழிலாளி. பிரான்சில் பிறந்த பேரப்பிள்ளையை இன்னும் நேரில் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பெரிய ரீவியில் பார்த்துக் கதைக்க வேண்டும் என்பது ஆசை. கேள்வி வந்தது. "ஓம் அண்ணை, எங்கடை வீட்டிலையும் இதுதான்" என்றேன். அவர் சுவரில் இருந்த அந்தோனியார் படத்தைக் காட்டி, "அவருக்கு முன்னாலை ஒருக்காச் சொல்லுங்கோ" என்றார்.

நான் சைவக்காரன். நெற்றியில் திருநீறும் இருந்தது. வேறு சமயத்தவரின் படம், நமக்குக் கணக்கில் வராது என்று மனதுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, சொன்னேன். அல்பேட் அண்ணை மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைத்தார். படலை வரைக்கும் வந்து வழியனுப்பும்போது என் நெற்றியைப் பார்த்துச் சொன்னார்: "நீங்கள் சைவம் எண்டு தெரியும், தம்பி. அவர் அதொண்டும் பாக்கிறேல்லை."

வயலின் ரீச்சர்

அல்பேட் அண்ணையின் லைன் நன்றாக வேலை செய்தது. அதுவே வினையாகப் போயிற்று. நான் பொய் சொன்னாலும் ஒருவரும் கெட்டுப்போவதில்லை என்று துணிவு வந்துவிட்டது.

அளவெட்டியில் சுகன்யா ரீச்சர் வயலின் சொல்லிக் கொடுக்கிறவர். அவரிடம் இன்டர்நெட்டில் படிக்கிற பிள்ளைகள் பதினொரு பேரும் நோர்வேயிலும் இங்கிலாந்திலும் இருக்கிறார்கள். பள்ளிக்கூட நியமனம் கிடைக்கவில்லை. அந்தப் பதினொரு பிள்ளைகள்தான் அவருடைய உத்தியோகம். மற்றக் கம்பனியின் லைன் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. பெருமழைக்கு இரண்டொரு தரம் நின்றதைத் தவிரக் குறையில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது, அதற்குள் ஒரு வகுப்பும் முறியக் கூடாது, அதுதான் யோசிக்கிறேன் என்றார். நான் புகுந்து விளாசினேன். எங்கள் லைன் என்றால் இங்கே நீங்களும் அங்கே பிள்ளையும் ஒன்றாகச் சேர்ந்தே வாசிக்கலாம் என்றேன். "அது எந்த லைனிலும் ஏலாது, தம்பி. கொஞ்சம் பிந்தித்தான் கேக்கும். நான் வாசிச்சு முடிய அவை வாசிப்பினம்" என்று பொறுமையாகத் திருத்தினார்.

பிறகு என் வீட்டு லைனைக் கேட்டார். ஓம், இதுதான் என்றேன். அன்றைக்கு மாத முடிவு. எனக்கு இன்னும் இரண்டு வீடு பிடிக்க வேண்டியிருந்தது. ஆகவே கேட்காததையும் சேர்த்தேன்: என் மகளும் அதில்தான் பாட்டு வகுப்புக்கு இருக்கிறாள் என்றேன். என் மகளுக்கு மூன்று வயது. புது லைன் மூன்று நாளில் வந்துவிடும், பழையதை இன்றைக்கே வெட்டச் சொல்லுங்கள், வீணாக ஏன் இரண்டு லைன் என்றும் சொன்னேன். அவர் எனக்கு முன்னாலேயே போன் எடுத்து வெட்டச் சொன்னார். படிவத்தில் கையெழுத்து வைத்தபடி சொன்னது இது: "நீங்கள் வீட்டிலை பாவிக்கிறீங்கள் எண்டதாலைதான், தம்பி. பேப்பரிலை போட்டிருக்கிற ஸ்பீடை நான் நம்புறேல்லை."

மூன்று நாள்

மூன்றாம் நாள் எங்கள் வயர்க்காரர் போய்ப் பார்த்தால், அந்த ஒழுங்கைக் கம்பத்தில் இருக்கிற பெட்டி நிரம்பிப்போயிருந்தது. ஒரு பெட்டியில் இருந்து இத்தனை வீட்டுக்குத்தான் வயர் இழுக்கலாம் என்று அளவு இருக்கிறது. விற்க முதல் அதில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நான் பார்க்கவில்லை. புதுப் பெட்டி எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்று நாள், மூன்று கிழமையாயிற்று.

ரீச்சர் போன் டேட்டாவில் வகுப்பு எடுத்தார். சிக்னல் வருகிற இடம் கிணற்றடி. அங்கே கதிரையைப் போட்டுக்கொண்டு எடுத்தார். ஒருநாள் சமாதானம் சொல்லலாம் என்று போனவன், படலைக்கு வெளியே நின்று பார்த்தேன். அவர் ஒரு கமகத்தை வாசித்துக் காட்டினார். அது அங்கே துண்டு துண்டாகத்தான் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். "திருப்பி வாசியுங்கோ ரீச்சர், விளங்கேல்லை" என்று பிள்ளை சொல்லிக்கொண்டே இருந்தது. நாலாம் முறை வகுப்பே அறுந்தது. ரீச்சர் வயலினை மடியில் வைத்துக்கொண்டு போனையே பார்த்தபடி இருந்தார். நான் கூப்பிடாமல் வந்த வழியே திரும்பிவிட்டேன். அப்படித் திரும்பியதை நினைத்தால் இன்றைக்கும் என்னில் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அந்தக் கிழமை மூன்று பிள்ளைகள் வேறு ரீச்சரிடம் போய்விட்டார்கள். அதைக் கேள்விப்பட்டுப் போன் எடுத்தேன். கம்பத்தில், பெட்டியில், கொழும்புக் கந்தோரில் என்று என்னைத் தவிர எல்லாவற்றிலும் பழியைப் போட்டேன். முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்: "ஒரு பிள்ளையின்ரை அம்மா மெசேஜ் போட்டவ, உங்களிலை பிழை இல்லை ரீச்சர் எண்டு. பிழை ஆரிலை எண்டு நான் அவவுக்குச் சொல்லேல்லை."

சனிக்கிழமை மத்தியானம்

பரீட்சைக்கு முந்திய சனிக்கிழமை. நோர்வேயில் ஒரு பிள்ளைக்குக் கடைசி ஒத்திகை. இந்த வகுப்பும் முறிந்தால் தாங்களும் நிறுத்திவிடுவதாக அந்தப் பிள்ளையின் தாய் சொல்லியிருந்தார். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கிணற்றடியில் கதிரை போட முடியாது. வீட்டுக்குள் டேட்டா வராது. ரீச்சர் எனக்குப் போன் எடுத்து, "ஏதாவது செய்வீங்களோ?" என்று மட்டும் கேட்டார். "எங்கடை வீட்டுக்கு வாங்கோ, ரீச்சர். மல்லாகம்தானே, ஓட்டோவிலை வந்திடலாம்" என்றேன். மனமாரத்தான் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் எங்கள் வீட்டுச் சுவரில் என்ன பெட்டி இருக்கிறது என்ற நினைவு வந்தது.

நல்ல மனுசனாக இருந்திருந்தால் திரும்ப எடுத்து உண்மையைச் சொல்லியிருப்பேன். நான் செய்தது, மகளின் ஈரச் சட்டை ஒன்றைக் காயப் போட்டது போல அந்தப் பெட்டிக்கு மேல் தொங்கவிட்டது. ரீச்சர் வயலினைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கலா துவாய் கொடுத்தாள், இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தாள், பாஸ்வேர்ட் சொன்னாள். அதோடு நிற்கவில்லை. ஆரப்பா ஈரச் சட்டையை இதுக்கு மேலை போட்டது என்று அதை எடுத்து உதறியபடி, பதற்றத்தோடு வந்தவருக்குத் தைரியம் கொடுக்கிற நல்லெண்ணத்தில் சொன்னாள்: "பயப்படாதேங்கோ ரீச்சர், இது ஒருநாளும் நிக்கிறேல்லை. இவர் தன்ரை கம்பனிக்கு மாத்தச் சொல்லி நெடுக ஆக்கினை. நான் விடேல்லை."

என் பேச்சைக் கேட்டு ரீச்சர் வெட்டின அதே கம்பனியின் பெட்டி. அவர் அதைப் பார்த்தார். பாயின் ஓரத்தில் விரல் சூப்பிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. நேரமாகிவிட்டதால் உட்கார்ந்து சுருதி சேர்த்தார். ஒரு மணித்தியாலம் வகுப்பு நடந்தது, ஓரிடத்திலும் அறுபடவில்லை. பிள்ளை பிழை விட்டதும், ரீச்சர் திருத்தியதும், பிள்ளை திரும்ப வாசித்ததும் குசினி வரைக்கும் துல்லியமாகக் கேட்டது. நான் குசினியில் நின்று, கழுவின கோப்பைகளைத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே போய் அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை, பின்கதவால் ஓடவும் முடியவில்லை.

வாசலில் செருப்பைப் போடும்போதுதான் ரீச்சர் என்னை நேராகப் பார்த்தார்: "எனக்குக் கோபம் இல்லை எண்டு சொல்ல மாட்டன். பிள்ளை இண்டைக்கு வடிவா வாசிச்சவ. அதுக்கு உங்கடை மனிசிக்குத்தான் நன்றி சொல்லோணும்."

காரணம்

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு ரீச்சரோடு மற்றக் கம்பனியின் கந்தோருக்குப் போனேன். வர வேண்டாம் என்றுதான் சொன்னார், நான் போனேன். அவசரத்தில் நீல ரீசேட்டோடேயே போய்விட்டேன். வரிசையில் நின்றவர்கள் என் முதுகில் இருந்த கம்பனிப் பெயரை நிதானமாக வாசித்தார்கள். பழைய லைனைத் திரும்ப எடுப்பதற்கான படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: முன்னர் இணைப்பைத் துண்டித்த காரணம். ரீச்சர் அதை வாசித்துவிட்டு, படிவத்தையும் பேனையையும் என் பக்கம் தள்ளினார்.

"விற்க வந்தவர் பொய் சொன்னதால்" என்று எழுதினேன். எழுதின கையோடு, என்ன நினைப்பில் இருந்தேனோ, கீழே என் கையெழுத்தையும் வைத்துவிட்டேன். கவுண்டரில் இருந்த இளம் பெண் படிவத்தை வாசித்தார், பிறகு என் ரீசேட்டைப் பார்த்தார், சிரிக்கவில்லை. புதுப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார்: "அண்ணை, காரணம் சரி. கையெழுத்து மட்டும் அவதான் வைக்கோணும்."

ரீச்சரின் பழைய லைன் மறுநாளே வந்துவிட்டது, போன மூன்று பிள்ளைகளில் ஒருவரும் திரும்பி வரவில்லை. ஒழுங்காக வேலை செய்கிற லைன் எது என்று என் மனைவிக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருந்ததை நான் வாய் திறந்து ஒப்புக்கொள்ள அவ்வளவு செலவு பிடித்தது, அந்தச் செலவும் என்னுடையதாக இருக்கவில்லை.