சம்பந்தியோடு ஸ்பானிஷ்

போன ஞாயிற்றுக்கிழமை லண்டன் ஸ்ட்ரெதத்தில், மாப்பிள்ளை வீட்டில், ஒரு கல்யாணப் பேச்சுக்குப் போயிருந்தேன். பெண் வீட்டுப் பெரிய மனிதர் என்ற பதவியில்! முறைப்படி பேச வேண்டியவன் நான்தான். ஆனால் மாப்பிள்ளையின் தாய் கார்மென் கொலம்பியாக்காரி. அவருக்கு ஆங்கிலம் நாலு வார்த்தை. எனக்கு ஸ்பானிஷ் அதுவும் இல்லை. பெரிய மனிதர் கேக் சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருந்தார்...

பேசியது ரீட்டா மச்சாள். என் மனைவியின் அக்கா. கணவரை ஊரில் பறிகொடுத்துவிட்டு, ஒரே மகள் ஷாமினியோடு மன்னாரிலிருந்து லண்டன் வந்தவர். முதியோர் இல்லத்தில் வேலை. சர்ச்சில் பழக்கமான டியேகோவைக் கட்டப் போவதாக மகள் சொன்னபோது மச்சாள் சண்டை பிடிக்கவில்லை. கவுன்சில் நடத்தும் மாலை வகுப்பில் ஸ்பானிஷுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்.

"பிள்ளைக்கு ஸ்பானிஷ் ஓடும்தானே மச்சாள்? அவள் சொல்லுவாள்" என்றேன்.

"தன்னைப் பற்றி நான் சொல்லுறதை அவள் வெட்டிக் கொத்தித்தான் சொல்லுவாள், தம்பி. தாயும் தாயும் நேர கதைக்கவேணும்."

நியாயம்தானே?

பாடப் புத்தகத்தின் கடைசியில் ஒரு வினைவடிவம் இருந்ததாம். இனி ஒருவேளை நேரக்கூடிய ஒன்றைச் சொல்வதற்கு. நம் 'நேருமாயின்' மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய சட்டத்திலும் உயிலிலும் தவிர இன்று யாரும் அதைத் தொடுவதில்லை, விட்டுவிடுங்கள் என்று டீச்சர் பக்கத்தைப் புரட்டிவிட்டார். வகுப்புக்கே சந்தோஷம்.

மச்சாள் விடுவாரா? புத்தகத்தில் இருந்தால் சோதனையில் வரும் என்று வளர்ந்த கூட்டமல்லவா நாம்?

"இந்த வகுப்புக்குச் சோதினையே இல்லை, மச்சாள்."

"இல்லாட்டி என்ன? பாடமாக்கி வைப்பம்."

வேலைக்குப் போகிற பஸ்ஸில் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். பக்கத்து சீட்காரர்கள் செபமாலை சொல்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காபி வந்தது. மொழிபெயர்க்கத் தயாரான மகளைக் கையால் அமர்த்திவிட்டு மச்சாள் எழுந்து நின்றார் — பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி. பேசினார். ஷாமினி என் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"என் மகள் உங்கள் வீட்டில் அழ நேருமாயின், அன்றைக்கு நான் இல்லாதிருக்க நேருமாயின், நீங்கள் அவளுக்குத் தாயாக இருங்கள்."

எல்லாம் அந்தப் பழைய வடிவத்தில்! பழசு என்றால் மரியாதை கூட என்பது மச்சாளின் கணக்கு. டியேகோ சிரிப்பை மறைக்கக் கோப்பையைத் தூக்கினான்.

"அம்மா, ஒருத்தரும் இப்பிடிக் கதைக்கிறேல்லை" என்று ஷாமினி கிசுகிசுத்தாள்.

மச்சாளின் முகம் விழுந்துவிட்டது. அந்த இடத்தில் அவர் கணவர் அல்லவா நின்றிருக்க வேண்டும்? ஊரில் என்றால் பேச எத்தனை பேர் இருந்திருப்பார்கள்... மகளுக்காகக் கேட்க நினைத்தது இந்த ஒன்றைத்தான். அதுவும் கேலியாகப் போய்விட்டதோ?

கார்மென் சிரிக்கவில்லை. அவரும் எழுந்தார். தன் அப்பாவின் உயிலை வாசித்த அன்று இந்த வடிவத்தைக் காதால் கேட்டதுதான், அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் கேட்கிறேன் என்றார். மச்சாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு மகனைப் பார்த்து வேகமாக ஏதோ சொன்னார். டியேகோ கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

மச்சாளுக்கு அந்த வேகம் பிடிபடவில்லை. "என்னவாம், பிள்ளை?"

ஷாமினி தாயின் பக்கம் சாய்ந்து சொன்னாள்.

"இந்த வீட்டிலை ஆராவது அழவேண்டி வந்தா, அது நீயாத்தான் இருக்கவேணும் எண்டு அவருக்குச் சொல்லுறா, அம்மா."

மச்சாள் அப்போதுதான் உட்கார்ந்தார். ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

கல்யாணம் தையில். அழுவதற்கு மாப்பிள்ளை சம்மதித்துவிட்டார்.