ஒருவேளை அக்காவின் இரண்டு நாடுகள்

கிளட்சை மிதிக்கச் சொன்ன கையோடு அக்கா ஒரு கற்பனை நாட்டை ஆரம்பித்துவிடுவார். "மிதிச்சியா? இப்ப மெதுவா விடு. ஒருவேளை, புரட்சிக்காரங்க ஏறின ரயில் அன்னிக்கு வழி தவறிப் போயிருந்தா என்ன ஆயிருக்கும், சொல்லு?" ஸ்டியரிங்கை உயிரைப்போல் இறுகப் பிடித்திருக்கும் மாணவி, "ரயில் எப்படிக்கா வழி தவறும்?" என்று முனகுவாள். "ஒருவேளை தவறுற ரயிலா இருந்தா? பிரேக், பிரேக்! நாய்!"

கார் ஓட்டக் கற்றுத்தரும் அந்தப் பள்ளியில் அவருக்கு ஒருவேளை அக்கா என்றுதான் பெயர். ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கறுப்புக் கண்ணாடி. பயிற்சி வண்டியில் கற்றுத்தருபவர் பக்கமும் ஒரு பிரேக் இருப்பதால், வலது கால் செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

அவரிடம் கற்ற எல்லோருக்கும் அவருடைய இரண்டு நாடுகள் மனப்பாடம். முதல் நாட்டில் ரயில் வரவில்லை, புரட்சியும் வரவில்லை. ஆனால் முதலாளிகளுக்குப் போட்டி போட்டு அலுத்துவிட்டது. எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒரே கம்பெனியாகி, யாருக்கு எத்தனை சட்டை, என்ன நிறம் என்று திட்டம் போடுகிறார்கள். "முதலாளி இருக்கான், லாபம் இருக்கு, கடைவீதியை மட்டும் காணோம். உனக்குப் பச்சைச் சட்டைன்னா பச்சைதான். கியரை மாத்து." இரண்டாவது நாட்டில் ரயில் ஒழுங்காக வந்து சேர்ந்தது. ஆலையெல்லாம் தொழிலாளிகளுக்கே சொந்தம். ஆனால் ஒரு சோப்பு ஆலைக்கும் பக்கத்துச் சோப்பு ஆலைக்கும் ஓயாத மல்லுக்கட்டு. "ரெண்டு வாசல்லயும் சிவப்புக் கொடிதான். ஒருத்தன் சோப்பு வாங்கினா டப்பா இலவசம்ங்கறான். அடுத்தவன், டப்பாவும் தரேன், முதுகும் தேச்சு விடறேங்கறான்!" சொல்லிவிட்டு அக்கா சிரிக்கும் சிரிப்பில், கற்பவர்களுக்கு வண்டிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயம் வந்துவிடும்.

கணவர் தையற்காரர். இரண்டு நாடுகளையும் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர். "எந்த நாட்டுல வேணா இரு, சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

போன வருடம் பள்ளியின் முதலாளி, வயதாகிவிட்டது, விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தார். வாங்க ஒரு பெரிய கம்பெனி வந்தது. டை கட்டிய அதிகாரி ஒருவர் பயிற்சியாளர்களை நிற்கவைத்து விளக்கினார். எந்தத் தெரு, எந்த வளைவு, அங்கே எத்தனை நிமிடம், கற்றுத்தருபவர் என்ன சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் தலைமை அலுவலகமே தீர்மானிக்கும். சட்டையும் கம்பெனியே தரும்.

"என்ன கலர் சார்?" என்றார் அக்கா.

"பச்சை, மேடம்."

அக்கா துள்ளிக் குதிக்காத குறை. "பார்த்தீங்களா! என் முதல் நாடு கைகால் முளைச்சு நடந்து வந்திருக்கு!"

அதிகாரி போன பிறகு, அக்காவுக்கு அடுத்த வண்டியை ஓட்டும் பயிற்சியாளர் (குரல் நாலு தெருவுக்குக் கேட்பதால் ஹாரன் என்று பெயர் பெற்றவர்) அவரைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்காதீங்கக்கா. அவங்க எழுதிக் குடுத்ததைத் தவிர வண்டியில ஒரு வார்த்தை பேசக் கூடாதாம். அதைக் காதுல வாங்கினீங்களா?"

அக்காவின் சிரிப்பு பொட்டென்று நின்றது. வாயை மூடிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருப்பதா? செத்தே போய்விடலாம்.

"சரி, ரெண்டாவது நாட்டுக்கு எப்படிப் போறதுன்னு சொல்லுங்க" என்றார் ஹாரன்.

அன்று மாலையே ஆறு பயிற்சியாளர்களும் முதலாளி வீட்டு வாசலில் நின்றார்கள்.

"இன்னும் கையெழுத்து ஆகலையே சார்? எங்களுக்கே குடுத்துடுங்க. தவணையில கட்டிடறோம். பள்ளி எங்க எல்லாருக்கும் பொது" என்றார் அக்கா.

"ஆறு பேரும் அடிச்சுக்குவீங்களேம்மா!"

"அடிச்சுக்கறதுக்குத்தான் சார் கேக்கறோம்!"

போர்டிலிருந்து தன் பெயரையே எடுக்க வேண்டும் என்று டைக்காரர் சொன்னதிலிருந்து உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தவர் முதலாளி. அக்காவின் பதிலைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த பிறகு அவரால் மறுக்க முடியவில்லை.

அன்று தொடங்கிய அமர்க்களம் இன்னும் அடங்கவில்லை. கட்டடமும் வண்டிகளும் ஆறு பேருக்கும் பொது. ஆனால் கற்க வருகிறவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் சேரலாம். ஹாரன் தன் வண்டியில் பாட்டுப் போட்டார். அக்கா தன் வண்டியில் விசிறி மாட்டினார். ஹாரன் இலவசமாகச் சாக்லேட் கொடுத்தார். அக்கா, தேர்வில் தோற்றவர்களுக்கு ஆறுதல் சொல்ல வீட்டுக்கே போனார். ஒருநாள் ஹாரனின் வண்டியில் வெல்வெட் இருக்கை உறைகள் பளபளத்தன. தையலைப் பார்த்ததுமே யார் கைவரிசை என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னங்க, வீட்டுக்குள்ளயே துரோகமா?"

"நல்ல கஸ்டமர்ம்மா அந்தத் தம்பி. உனக்கும் வேணும்னா வரிசையில வா" என்றார் கணவர், ஊசியில் நூலைக் கோத்தபடி.

கோபப்பட வேண்டும் என்று அக்காவுக்குத் தெரியும். முகத்தை உம்மென்று வைத்துப் பார்த்தார். நிற்கவில்லை. துணிக்குவியலின் மேலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

சென்ற வாரம் சந்தைக்குப் போகும் சாலையில் ஹாரனின் வண்டி டயரில் காற்றுப் போய் நின்றிருந்தது. மாற்றுச் சக்கரமும் இல்லை. அக்கா தன் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். பின்னால் இருந்த ஸ்டெப்னியை இறக்கித் தானே உருட்டிக்கொண்டு போனார். "எடுத்துக்கோ தம்பி. பொதுச் சொத்துதானே." ஹாரன் நெகிழ்ந்துபோய், ஜாக்கியோடு குனிந்தார். தலை வண்டிக்குக் கீழே மறைந்தது. அக்கா சத்தமில்லாமல் மறுபக்கம் சுற்றி வந்தார். வெல்வெட் இருக்கையில் உட்கார்ந்திருந்த ஹாரனின் மாணவியிடம், ஜன்னல் வழியே தன் விசிட்டிங் கார்டை நீட்டி, கண்ணடித்தார்.