கயிறு பிடித்தவனின் பங்கு

பாலமுனைக் கடற்கரையில் கரைவலைக் கயிற்றைப் பிடித்து இழுப்பவர் எவருக்கும் மீனில் பங்கு உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். கொழும்பிலிருந்து ஊர் பார்க்கப் போன நானும் ஆசையோடு போய் இழுத்தேன். 

“எனக்கும் பங்கு தருவீங்களா?” என்று பக்கத்தில் இழுத்தவரிடம் சிரித்தபடி கேட்டேன்.

“இண்டைக்கு மீனுக்கு இழுக்கல்ல தம்பி. என்ட மகனத் தேடுறம். நேத்து தோணி கவுண்டு போச்சி.”

வலை கரையேறியது. உள்ளே மீன்கள் துள்ளின. மகன் இல்லை. எல்லோரும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் மட்டும் குனிந்து, இரண்டு பாரை மீன்களை எடுத்து என் கையில் வைத்தார்.

“கயிறு புடிச்சா பங்கு இரிக்கி.”

அவற்றைத் தின்ன மனம் வரவில்லை. பஸ் ஏறுமுன் குப்பையில் போட்டேன். மகனைத் தேடிய கையால் அவர் தந்த பங்கு அது. வீட்டில் மீன் கழுவும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.