பாலிகஞ்சில் ஒரு ஜெர்மன் பிஸ்டல்

என் கணவரின் தலையில் பிஸ்டல் வைத்தவனைச் சில வாரங்களிலேயே போலீஸ் பிடித்துவிட்டது. அந்தச் சந்தோஷம் அவருக்கு ஒரு சாயங்காலம்கூட நிலைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அவர் கல்கத்தா புறநகரில் ஒரு வங்கிக் கிளைக்கு மேனேஜர். பட்டப்பகலில் நாலு பேர் உள்ளே புகுந்து, ஊழியர்களைத் தரையில் உட்காரவைத்தார்கள். மேனேஜருக்கு உரிய மரியாதை கொடுத்து, அவரை மட்டும் நாற்காலியிலேயே விட்டு, காதோரம் குழாயை வைத்தார்கள். பணத்தோடு போய்விட்டார்கள். யாருக்கும் காயமில்லை.

ஆட்கள் பிடிபட்டதும் அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் அந்த ஆயுதம் கிடந்ததாம். "ஃபாரின் சரக்கா சார்?" என்று இவர் கேட்டிருக்கிறார். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். பீகாரில் முங்கேர் பக்கம் ஏதோ கொட்டகையில் செய்தது. குழாய்கூட பழைய லாரியின் ஸ்டியரிங் ராடு.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"ஸ்டியரிங் ராடாம். அதுக்கா நான் அப்படி நடுங்கினேன்?"

"சுட்டிருந்தா உயிர் போயிருக்கும். அது எந்த ஊர்ல செஞ்சதா இருந்தா என்னங்க?"

"உனக்குப் புரியாது."

புரிந்தது. உயிர் பிழைத்து வந்தது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உள்ளூர்ச் சரக்குக்குப் பயந்துவிட்டோமே என்பதுதான் அவமானம். கையில் சுவிஸ் கடிகாரம், அலமாரியில் ஜப்பான் டேப்ரெக்கார்டர் என்று வாழ்பவருக்குக் கொள்ளைக்காரன் கொஞ்சம் தகுதி பார்த்து வந்திருக்கலாம்.

அப்போதுதான் தனக்கும் ஒரு பிஸ்டல் வேண்டும் என்று முடிவு செய்தார். கரப்பான்பூச்சியை அடிக்க என்னைக் கூப்பிடுகிறவர். அலைந்து திரிந்து லைசென்ஸ் வாங்கினார். டல்ஹௌசி பக்கம் இருந்த துப்பாக்கிக் கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் வங்காளி, நாங்கள் பேசியது ஹிந்தியில். வெளிநாட்டிலிருந்து புதிதாக வரவழைக்க வழியில்லை, அரசாங்கத் தொழிற்சாலையில் செய்த பிஸ்டல் இருக்கிறது, நல்ல சாமான் என்றார்.

"எங்க செய்றாங்க?"

"இங்கேதான் சார். கங்கைக்கரையிலேயே."

"முங்கேரும் கங்கைக்கரைதான்" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்.

கடைசியில் கைகொடுத்தது பாலிகஞ்சில் எங்கள் கட்டிடத்தின் கீழ்வீட்டு மாஷிமா. அந்த வங்காளி அம்மாளின் கணவர் காலமானதிலிருந்து அவருடைய பழைய பிஸ்டல் அதே கடையில் ஒப்படைக்கப்பட்டுக் கிடந்தது. "ஜெர்மன் ஜினிஷ்" என்றார் மாஷிமா. ஜெர்மன் பொருள். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. முறைப்படி எழுதி மாற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து, இரும்பு பீரோவின் லாக்கரில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிற தமிழ் நண்பர்களுக்குக் காபிக்கு முன்னால் பிஸ்டல் தரிசனம். "ஜெர்மன் என்ஜினியரிங்" என்று எடையைக் கையால் தூக்கிக் காட்டுவார். தோட்டா மகாராஷ்டிரத்தில் செய்தது என்பதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு, விருந்தாளிகள் இருக்கும்போதே, காலேஜில் படித்துக்கொண்டிருந்த எங்கள் பெண் பூதக்கண்ணாடியோடு வந்தாள். தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுகிறவள்.

"அப்பா, சைடுல எய்பார்னு போட்டிருக்கு. அட்லஸ்ல பார்த்தேன். ஸ்பெயின்ல இருக்கு."

"ஜெர்மனிக்காரன் அங்க ஒரு பிராஞ்ச் வெச்சிருப்பான்."

"பாபா, இது பேங்க் இல்ல."

மறுநாளே பிஸ்டலோடு கடைக்குப் போனோம். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, இந்த மாடலை வடிவமைத்தவர் ஓர் அமெரிக்கர், முதலில் செய்தது பெல்ஜியத்தில், அதைப் பார்த்து ஸ்பெயினில் பட்டறை பட்டறையாகச் செய்து தள்ளினார்கள், அதில் ஒன்று இது என்றார்.

"அப்ப ஜெர்மனி?"

"ஜெர்மனிக்கு இதுல சம்பந்தமே இல்ல சார்."

பிறகு எதையோ நினைத்துக்கொண்டவர் போல, உள்ளே இருக்கும் சுடும் ஊசி ஸ்பெயினுடையது இல்லை என்றார். பழையது உடைந்து, மாஷிமாவின் கணவர் கேட்டு, ஹவுராவில் லேத்தில் கடைந்து போட்டது. கைப்பிடிப் பலகையும் அப்படித்தான்.

"ஹவுராவிலயா?"

"அங்க செய்யாதது என்ன இருக்கு?" என்றார் கடைக்காரர், பெருமையாக.

திரும்பி வரும்போது டாக்சியில் அவர் பிஸ்டல் பையை மடியிலிருந்து காலடிக்கு இறக்கி வைத்தார். எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தரிசனம் நின்றது. பிஸ்டலும் வீட்டில் அதிகம் தங்கவில்லை. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் ஆயுதங்களைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். இந்த ஊரில் தேர்தலுக்குப் பஞ்சமே இல்லை. பாராளுமன்றம், சட்டசபை, கார்ப்பரேஷன் என்று அது எங்களைவிட அதிகமாக வெளியே போய்த் தங்கியது. பத்திரமாகத் துணியில் சுற்றி எடுத்துப் போவார். ஸ்டேஷன் பொறுப்பாளரைப் பொரோபாபு என்பார்கள். அவர் கொடுக்கும் லெபு சாவை, அதாவது எலுமிச்சை டீயை, குடித்துவிட்டு ரசீதோடு வருவார். வீட்டில் பிஸ்டல் இருக்கும் நாட்களில்தான் பிரச்சினை. பீரோ சாவி எங்கே, வேலைக்காரி பார்த்தாளா, யாராவது தெரிந்துகொண்டு அதைத் திருட வந்தால் என்ன செய்வது என்று ராத்திரியெல்லாம் வளைய வருவார். கொள்ளைக்காரனுக்காக வாங்கியதைக் கொள்ளைக்காரனிடமிருந்து காப்பாற்றவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு தேர்தல் முடிந்தும் அவர் அதை வாங்கி வரப் போகவில்லை.

"போகலையாங்க?"

"கடையிலயே குடுத்துடலாம்னு இருக்கேன். வேணுங்கறவன் வாங்கிக்கட்டும்."

பொரோபாபுவே ஆச்சரியப்பட்டாராம். அடுத்த வாரம் ஸ்டேஷனிலிருந்து எடுத்து நேராகக் கடையில் கொடுத்து, லைசென்ஸையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். சாப்பிட்டார். பால்கனிக் கதவைத் திறந்துபோட்டு, பாயை விரித்து, டிராம் சத்தத்தைக்கூடப் பொருட்படுத்தாமல் குறட்டை விட்டுத் தூங்கினார்.