மின்மாற்றிப் பாடத்தில் நான் வைத்த பொறி

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் குறிப்பில் ஒரு விடையை நான் தெரிந்தே தவறாக எழுதினேன். அது பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்ததும் எனக்குத் தெரியும். திருத்திச் சொல்ல நாள் இருந்தது. சொல்லவில்லை. பணிக்காலம் முழுவதும் அரசுப் பள்ளிகளில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். கை தவறிவிட்டது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ராமநாதபுரத்தில் என் வீட்டு மாடியில் டியூசன் தொடங்கினேன். மூன்று பேர் பாடம் எடுத்தோம். இயற்பியல் எனக்கு. ஆங்கிலம், என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பருக்கு. கணினி அறிவியலுக்குத் தங்கச்சிமடத்திலிருந்து ஓர் இளம் ஆசிரியை பாம்பன் பாலம் தாண்டிப் பேருந்தில் வந்துபோனார். மூன்று பாடத்துக்கும் குறிப்புகள் தயாரித்துக் கொடுத்தோம். ஆங்கிலக் குறிப்பில் கட்டுரைகளும் கடிதங்களும் எந்தப் பெயரையும் ஊரையும் போட்டு நிரப்பிக்கொள்ளும்படி இருக்கும். கணினிக் குறிப்பில் ஒவ்வொரு நிரலுக்குக் கீழேயும் அது திரையில் காட்டும் விடை இருக்கும். என்னுடையதில் கட்டம் கட்டிய சூத்திரங்களும், அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பக்கத்தில் நட்சத்திரமும் இருக்கும். அந்த நட்சத்திரத்துக்குத்தான் பிள்ளைகள் வருகிறார்கள் என்று எனக்கு ஒரு கர்வம்.

ஒரு நாள் எங்களிடம் படிக்காத பையன் ஒருவன் பேருந்து நிலையத்தில் என் குறிப்பைக் கைபேசியில் விரித்துப் படித்துக்கொண்டிருந்தான். நான் வரைந்த படம், நான் போட்ட நட்சத்திரம். யார் கொடுத்தது என்று கேட்டேன். "குரூப்புல வந்துச்சு" என்றான். அன்றிலிருந்து எனக்கு எல்லோர் மீதும் சந்தேகம். வகுப்பில் ஒரு பிள்ளை கைபேசியை எடுத்தால் என் பேச்சு நின்றுவிடும். மாடிப்படியில் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசினால் அது என்னைப் பற்றித்தான் என்று தோன்றும்.

ஆங்கில ஆசிரியர் சிரித்தார். "வாத்தியாரே, நீ எழுதுறதே பாடப் புத்தகத்தப் பாத்துத்தான். அதை ஒருத்தன் பாத்து எழுதுனா மட்டும் களவாணியா? என் லீவ் லெட்டரு மாவட்டம் பூரா சுத்துது. எல்லாப் பயலுக்கும் ஒரே நாள்ல காய்ச்சல் வருது. நான் யாரப் போயிப் புடிக்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பையன் வைத்திருந்தது தாளைப் பிடித்த படமல்ல, தட்டச்சுக் கோப்பேதான்; அது வெளியே போக இரண்டே வழிகள். நான் கையால் எழுதுவதைக் கணினி ஆசிரியை தட்டச்சு செய்து தருவார். அதை ஜெராக்ஸ் கடையில் படியெடுப்பேன். முதலில் கடைக்காரரைத்தான் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் ஏர்வாடிக்காரர். "அல்லாவே! இதக் களவாண்டு நான் என்ன சார் பண்ண? இந்தக் கணக்கப் பாத்தாலே எனக்குத் தலை கிறுகிறுன்னு வருது" என்றார். அந்தப் பதிலையும் நான் நம்பவில்லை. ஒவ்வொருவர் கைக்குப் போகும் படியிலும் ஓர் அடையாளம் வைத்துவிட்டால், வெளியே கிடைக்கும் படி யாரிடமிருந்து போனது என்று தெரிந்துவிடும். அப்படித்தான் பொறி வைக்கும் யோசனை வந்தது.

கடைக்குப் போகும் படியில் ஒரு கணக்கின் வோல்ட்டை மாற்றி, அதற்கேற்ப விடையையும் சரியாகவே மாற்றினேன். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆசிரியைக்குக் கொடுத்த படியில் அப்படிச் செய்யவில்லை. அவர் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். அதனால் கண்ணில் படும்படியான அடையாளம் வேண்டும் என்று நினைத்தேன். மின்மாற்றியின் உள்ளகத்தில் இரண்டு வகையில் ஆற்றல் வீணாகும். ஒன்று தயக்க இழப்பு. அதைக் குறைக்க உள்ளகத்தைச் சிலிக்கான் கலந்த எஃகில் செய்வார்கள். மற்றது சுழல் மின்னோட்ட இழப்பு. அதைக் குறைக்க மெல்லிய தகடுகளை அடுக்கிச் செய்வார்கள். நான் இரண்டு தீர்வுகளையும் இடம் மாற்றி எழுதினேன். அவர் தட்டச்சு செய்து அனுப்பிய கோப்பில் அந்த வரிகளை நானே சரிசெய்துவிட்டுத்தான் கடைக்குக் கொடுத்தேன். எங்கள் மாணவர்களுக்குச் சரியான விடையே போனது. இடம் மாறிய வரிகள் ஆசிரியையின் மடிக்கணினியில் மட்டும் இருந்தன.

தட்டச்சு செய்யும்போதே அவர் கேட்டார். "சார், தகடு அடுக்குறது எடி கரண்டுக்குத்தானே? நான் படிச்சப்ப அப்பிடித்தான் ஞாபகம். இங்கன மாறியிருக்கே?"

எடி கரண்ட் என்று அவர் சொன்னது அந்தச் சுழல் மின்னோட்டத்தைத்தான். அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். "புதுப் பாடத்திட்டத்துல இப்படித்தான் டீச்சர். நீங்க உங்க பைத்தான் புரோகிராமப் பாருங்க, பாம்புக்கும் கரண்டுக்கும் சம்பந்தம் இல்ல" என்றேன். அவரும் சிரித்துவிட்டு, எழுதியிருந்தபடியே தட்டச்சு செய்தார். அந்தக் கேள்விக்கு நட்சத்திரமும் போட்டிருந்தேன்.

தை மாதம் முடிவதற்குள் பொறியில் இரை விழுந்தது. சாயல்குடிப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "சார், எங்க சித்தி மகளும் உங்க நோட்ஸத்தான் படிக்குது" என்று பெருமையாகச் சொல்லிக் கைபேசியைக் காட்டினாள். வாலிநோக்கம் பக்கத்தில் ஒரு பள்ளியில் படிக்கும் பெண்ணாம் அது. மின்மாற்றிப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். இடம் மாறிய வரிகள் அப்படியே இருந்தன. எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சி என்பதை இப்போது எழுதவே கூசுகிறது.

அன்று மாலை பிள்ளைகள் போன பிறகு ஆசிரியையை நிறுத்தினேன். ஆங்கில ஆசிரியரும் இருந்தார்.

"என் நோட்ஸ வெளிய அனுப்புனது நீங்கதானே?"

"ஆமா சார்."

மறுப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். என் அடுத்த கேள்விகள் எல்லாம் அவர் மறுப்பதற்காகத் தயாரித்தவை.

"வாலிநோக்கத்துப் பக்கம் என்கூடப் படிச்சவ ஒருத்தி தமிழ் எடுக்குறா சார். அங்க பிசிக்ஸுக்கு ஆளே இல்ல. பிள்ளைக தானாப் படிக்குதுக. உங்ககிட்டக் கேட்டேனே, அனுப்பட்டுமான்னு. மாடிப்படியில எறங்கும்போது கேட்டேன். சரி சரின்னீங்க."

எனக்கு அப்படி எதுவும் நினைவில் இல்லை. என் நினைவில் இல்லாததைப் பொய் என்று முடிவு செய்தேன். "எவ்வளவு வாங்குனீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் ஆங்கில ஆசிரியரைப் பார்த்தார். அவரோ தரையைப் பார்த்தார். "ஒவ்வொரு பக்கத்துலயும் உங்க பேரு இருக்கு சார். விக்கிறவ பேர எடுத்துட்டு வித்திருக்க மாட்டாளா?" என்று சொல்லிவிட்டு மடிக்கணினியைப் பைக்குள் வைத்தார். நாளை முதல் வர வேண்டாம் என்றேன். பொறியைப் பற்றி அவரிடம் வாய் திறக்கவில்லை. சொன்னால் அவர் ஊரெல்லாம் சொல்வார், என் பெயர் கெடும் என்ற பயம்.

அவர் போன பிறகு ஆங்கில ஆசிரியர் கேட்டார். பொறி வைத்தது இவருக்கு மட்டும் தெரியும். "சரி, ஆளப் புடிச்சிட்ட. அந்தப் பிள்ளைகளுக்குத் திருத்தி அனுப்பிரு. பரிச்சைக்கு இன்னும் நாள் கெடக்குல்ல?"

"அனுப்புறேன்" என்றேன்.

அனுப்பவில்லை. கைபேசியை எடுப்பேன். எழுதத் தொடங்குவேன். திருத்தம் அனுப்பினால், இந்த வாத்தியார் தப்பாக எழுதுகிறவர் என்று ஆகும். வேண்டுமென்றே எழுதினேன் என்று சொன்னால் அதைவிட மோசம். பிறகு இன்னொரு எண்ணமும் வரும்: என்னிடம் வராமல் என் உழைப்பைப் படிப்பவர்களுக்கு நான் எதற்குத் திருத்த வேண்டும்? பொறி வைத்ததைவிடப் பெரிய குற்றம் இதுதான். யாரோ ஒரு திருடனுக்காகத்தான் அதை வைத்தேன் என்று முன்பு சொல்லிக்கொள்ள முடிந்தது. இப்போது அதை யார் படிக்கிறார்கள், ஏன் படிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகும் சும்மா இருந்தேன். ஆங்கில ஆசிரியர் மறுபடி ஒருமுறை கேட்டபோது, அனுப்பிவிட்டேன் என்றே சொன்னேன்.

இயற்பியல் தேர்வு முடிந்து எங்கள் மாணவர்கள் வினாத்தாளோடு மாடிக்கு ஓடிவந்தார்கள். "சார், ஸ்டார் கொஸ்டின் வந்துருச்சு!" மின்மாற்றியில் ஏற்படும் ஆற்றல் இழப்புகளை விளக்குக. ஐந்து மதிப்பெண். அவர்கள் கூத்தாடினார்கள். நான் வினாத்தாளை மடித்து வைத்துவிட்டுத் தலைவலி என்று கீழே இறங்கிவிட்டேன்.

முடிவுகள் வந்து சில வாரம் கழித்துக் கணினி ஆசிரியை என் வீட்டுக்கு வந்தார். கூட ஒரு பெண். வாலிநோக்கத்து உப்பளத்தில் வேலை பார்ப்பவரின் மகள் என்று அறிமுகப்படுத்தினார். அரசுப் பொறியியல் கல்லூரியில் கணினிப் பிரிவு வேண்டும் என்று படித்தவள். விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பித்து வாங்கி, அதைத் தாளில் அச்செடுத்து வைத்திருந்தாள்.

ஆசிரியை என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "எனக்காக வரல சார். இவ உங்க நோட்ஸ்ல உள்ளபடியே எழுதியிருக்கா. திருத்துனவங்க மார்க்க வெட்டியிருக்காங்க. புதுப் பாடத்திட்டத்துல இதுதான் சரின்னு நீங்க எங்கிட்டச் சொன்னீங்க. மறுமதிப்பீட்டுக்குப் போட்டா மார்க்கு கெடைக்குமான்னு நீங்கதான் சொல்லணும்."

முதலில் எனக்கு எழுந்தது சந்தேகம்தான். எல்லாம் தெரிந்துகொண்டு என் வாயாலேயே வரவழைக்க வந்திருக்கிறார், கைபேசியில் பதிவு செய்கிறார் என்று அவருடைய பையைப் பார்த்தேன். பை மூடியிருந்தது. அந்தப் பெண் விடைத்தாளை இரண்டு கையாலும் பிடித்து என் முன் நீட்டிக்கொண்டு நின்றாள். என் சொற்கள், எழுத்துக்கு எழுத்து, அவளுடைய உருண்டைக் கையெழுத்தில். மேலே சிவப்புக் கோடு.

"புக்குல வேற மாதிரிதான் சார் இருந்துச்சு" என்றாள். "உங்க நோட்ஸ்ல ஸ்டார் போட்டிருந்துச்சு. அதான் புக்க விட்டுட்டு இத எழுதுனேன்."

மறுமதிப்பீட்டால் பயனில்லை, திருத்தியவர் செய்தது சரி என்றேன். பிறகு மற்றதையும் சொன்னேன். பொறி வைத்தது, ஆசிரியை கேட்டபோது பொய் சொன்னது, தேர்வுக்கு முன்பே தெரிந்தும் வாய் மூடியிருந்தது.

"தெரிஞ்சேவா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள். கோபமில்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"தெரிஞ்சேதாம்மா."

ஆசிரியை எழுந்தார். "வாடி, பஸ்ஸு போயிரும்" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு அவள் கேட்ட இடம் கிடைக்கவில்லை. அந்த மதிப்பெண் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் வாலிநோக்கம் போய் அவள் அப்பாவைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த தனியார் கல்லூரியில் அதே பிரிவில் இடம் வாங்கித் தருகிறேன் என்றேன். பாத்தி வரப்பிலேயே நின்றபடி அவர் கேட்டார்: "ஆள் சேத்துவிட்டா வாத்தியாருக்குக் கமிசன் உண்டாமுல்ல. எம் மகளச் சேத்தா உங்களுக்கு எம்புட்டு?" கமிசன் இல்லை என்று சத்தியம் செய்தேன். "நீங்க எழுதிக் குடுத்ததையும்தான் அது சத்தியமுன்னு நம்புச்சு" என்றார். அவள் வேறு ஊர்க் கல்லூரியில் கணிதம் எடுத்துப் படிக்கிறாள்.

குறிப்பு பரவிய குழுக்களில் என் பெயர் போட்டு, நடந்ததை ஒளிக்காமல், சரியான விடையை அனுப்பினேன். சிலர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். யாரோ என் பெயரை நீக்கிவிட்டுப் பழைய கோப்பையே புது அட்டையோடு வெளியிட்டிருந்தார்கள். அது என் குறிப்பு, அதில் தவறு இருக்கிறது என்று எழுதினேன். "உங்க நோட்ஸ்னு என்ன ஆதாரம்?" என்று கேட்டு என்னை நீக்கிவிட்டார்கள். ஆங்கில ஆசிரியரிடம், அனுப்பிவிட்டேன் என்றது பொய் என்று சொன்னேன். "தெரியும்யா" என்றார். அதற்குமேல் என்னைக் கேலி செய்யவும் இல்லை. ஆசிரியைக்கு மன்னிப்புக் கேட்டு அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டார் என்று கைபேசி காட்டியது. பதில் இல்லை. இப்போது தங்கச்சிமடத்திலேயே பாடம் எடுக்கிறார் என்று கேள்வி.

கடைசியாக வாலிநோக்கம் பக்கத்து அந்தப் பள்ளிக்கே போனேன். இயற்பியல் ஆசிரியர் வரும்வரை சனிக்கிழமைகளில் இலவசமாகப் பாடம் எடுக்கிறேன் என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டேன். ஏன் என்று கேட்டார்; சொன்னேன். "எடுங்க. ஆனா எங்க டீச்சர் ஒருத்தங்க கூட உக்காந்திருப்பாங்க. பிள்ளைககிட்டயும் நீங்களே சொல்லிருங்க" என்றார். முதல் வகுப்பில் சொன்னேன். பின்வரிசையில் ஒருத்தி, "அக்காவுக்குச் சீட்டு போனது இவராலதான்டி" என்று கேட்கும்படியே சொன்னாள்.

குறிப்பு எதுவும் கொடுப்பதில்லை. கரும்பலகையில் எழுதுகிறேன். போன சனிக்கிழமை பட்டென்று ஒருத்தி எழுந்தாள். "சார், இது நெசமாவே சரியா? இல்ல யாரையாச்சும் புடிக்கிறதுக்கா?" வகுப்பு சிரித்தது. காவலுக்கு உட்கார்ந்திருந்த ஆசிரியையும் சிரித்தார். புத்தகத்தைப் பார் என்றேன். அவள் நின்றபடியே பக்கத்தைத் தேடி எடுத்து, விரல் வைத்து ஒரு வரியையும் விடாமல் படித்தாள். சுற்றியிருந்தவர்களும் தங்கள் புத்தகங்களைப் புரட்டினார்கள். நான் சுண்ணாம்புக்கட்டியோடு காத்திருந்தேன்.

"சரிதான் சார்" என்றாள். "மேல சொல்லுங்க."